உள்ளே சுற்றும் காற்று

உலு திராமில் நாங்கள் குடியிருக்கும் தெருவில், புகை மாதங்களில் யாரும் யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. "இன்னிக்கு எத்தன?" என்றுதான் கேட்கிறார்கள். கைப்பேசியில் தினமும் வரும் காற்றுத் தர எண்ணைத்தான் அப்படிக் கேட்பது. நூறைத் தாண்டினால் முகமூடி. அதற்கும் மேலே ஏறினால் பள்ளிக்கூடங்களை மூடுவார்கள். கடலுக்கு அப்பால் எங்கோ எரியும் காட்டின் புகை இங்கே வந்து வாரக்கணக்கில் நிற்கிறது; மலாயில் ஜெரெபு என்கிறார்கள். பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா துணி காயப்போட வரும்போது முதலில் எண்ணைச் சொல்வார், பிறகுதான் கொடியைத் துடைப்பார். சங்கரன்கோவிலில் நான் இருந்த காலத்தில் காற்றுக்கு எண் கிடையாது. வரும், அல்லது வராது. வராத அன்று மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டு மாடியில் போய்ப் படுப்போம். இங்கே வந்து பதினோரு ஆண்டுகளாக நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறேன். இந்தப் புகைக்காலம் தொடங்கியதிலிருந்து தேதிக்குக் கீழே முதல் வரியில் அந்த எண், இரண்டாம் வரியில் கோமதி எத்தனை முறை இருமி எழுந்து உட்கார்ந்தாள் என்ற கணக்கு.

கோமதி என் மனைவி. சிறு வயதில் வந்து பிறகு விட்டுப்போன இழுப்பு இந்த ஆண்டு திரும்பி வந்துவிட்டது. ஒன்றுவிட்டு ஒரு நாள் ஜொகூர் பாருவில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப்போய் ஆவி மருந்து பிடித்து வருகிறோம். அங்கிருக்கும் சீனப் பெண் மருத்துவர், புகை அடங்கும்வரை இவரை ஊருக்கு அனுப்பிவையுங்கள் என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். கோமதி கிளினிக் வாசலிலேயே என்னிடம் சொல்லிவிட்டாள். "போனா போனதுதான். திரும்ப இந்தப் புகைக்குள்ள வரமாட்டேன். அப்புறம் கூப்பிடாதீங்க." மிரட்டிக் காரியம் சாதிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். ஒப்பந்தம் இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது. இந்த வயதில் ஊரில் என்னை யார் வேலைக்கு எடுப்பார்கள்? ஆகவே அவளை நிறுத்திவைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன்: புகையை நிறுத்துவது. ஜன்னல் விளிம்புகளில் நாடா ஒட்டினேன். கதவடியில் ஈரத்துணி வைத்தேன். வீட்டுக்குள் இருமல் பாதியானது. கிளினிக்குக்குப் போகிற நாற்பது நிமிடமும் திரும்பும் நாற்பது நிமிடமும் அதை மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவந்தன. ஓட்டை காரில்தான் இருந்தது.

பதினேழு வயதான கார். வேலை முடிந்து ஊர் திரும்பிய ஒருவரிடமிருந்து எட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கியது. ஊரில் இதைப் படிப்பவர்களில் கார் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஏசி பொத்தானுக்குப் பக்கத்தில், வளைந்த அம்புக்குறி போட்ட இன்னொரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் உள்ளே ஒரு சின்னக் கதவு திரும்பி வெளிக்காற்று வரும் வழியை அடைத்துவிடும். உள்ளே இருக்கிற காற்றே சுற்றிச்சுற்றிக் குளிரும். எங்கள் காரில் பொத்தானின் விளக்கு ஒழுங்காக எரிந்தது. புகையும் ஒழுங்காக வந்தது. ஒரு சனிக்கிழமை காலை சோதித்துப் பார்த்தேன். கோமதியை உள்ளே உட்காரவைத்து, முன்கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் சல்லடையருகே ஊதுபத்தியைப் பிடித்தேன். "வருதா?" என்று கேட்டேன். "வருது." பொத்தானை அமுக்கச் சொன்னேன். "இப்ப?" அவள் என்னைப் பார்க்காமல் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டு, "இப்பவும் வருது" என்றாள். இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

முதலில் போனது வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சீனர் கடை. என் மலாயில் "அசாப் மாசோக்" என்றேன், புகை உள்ளே வருகிறது என்று. அவர் தலையை ஆட்டிவிட்டுக் காருக்கு அடியில் படுத்துச் சைலன்சரைத் தட்டிப் பார்த்தார். வானத்தைக் காட்டினேன். அவரும் வானத்தைப் பார்த்து, ஆமாம், மோசம்தான் என்பதுபோல உதட்டைப் பிதுக்கிவிட்டு, சைலன்சரில் ஒரு பட்டையை இறுக்கினார். "தாப்பா, தாப்பா" என்று தோளில் தட்டி அனுப்பினார். பரவாயில்லை என்று அர்த்தம். அன்று திரும்பும் வழியில் கோமதி ஈரத்துண்டை மூக்கில் வைத்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த வாரம் கூலாய்க்குப் போனேன். சேகர் என்ற தமிழர் அங்கே பட்டறை வைத்திருக்கிறார்; நாற்பது வயதிருக்கும், அந்தப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர்.

"என்னண்ணே, ஏர்கோன் ஜில்லுன்னு இல்லயா?"

"குளிர் வருது தம்பி. வெளிப்புகையும் சேர்ந்து வருது. பட்டனை அமுக்கினா விளக்கு எரியுது, உள்ள கதவு மூடல."

"பேசுறதப் பாத்தா ரிப்போர்ட்டு எழுதிட்டு வந்த மாதிரி இருக்கே."

எழுதித்தான் கொண்டுபோயிருந்தேன். தாளை நீட்டினேன். படிக்காமலே வைப்பருக்கு அடியில் செருகினார். "ஊர்லேர்ந்து வர்றவங்க கதையே வேறண்ணே. ஏர்கோனும் போடுவாங்க, ஜன்னலயும் இறக்கி வைப்பாங்க. ரோட்டையே ஜில்லுன்னு ஆக்கப் பாப்பாங்க." சிரித்துக்கொண்டே முன்பெட்டியைக் கழற்றி, டார்ச்சோடு தலையை உள்ளே விட்டார். சிரிப்பு நின்றது.

"அலமாக்! இங்க வாங்கண்ணே. பட்டன் நல்லாருக்கு, மோட்டர் நல்லாருக்கு. கதவத்தான் கட்டிப் போட்டிருக்காங்க."

பார்த்தேன். வெள்ளை வயரால் கதவைத் திருப்பும் நெம்புகோலை இரண்டு சுற்றுச் சுற்றி, பக்கத்துத் தகட்டோடு முறுக்கியிருந்தது. மோட்டாரின் கம்பி எதிலும் உரசாதபடி ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தது.

"முன்னால வெச்சிருந்தவர் வேலையா இருக்கும். நான் வாங்கி எட்டு வருசம் ஆச்சு" என்றேன்.

"எட்டு வருசத்து வயர் மாதிரி தெரியல லா. நாலு வருசம் இருந்தா சாஸ்தி. இது ரிப்பேர் இல்லண்ணே, யாரோ சொல்லிச் செஞ்ச வேல."

பத்து நிமிடத்தில் அவிழ்த்து மாட்டிவிட்டார். பொத்தானை அமுக்கினேன். உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. விசிறியின் ஓசை கனத்தது. சேகர் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துச் சல்லடைமேல் ஊதினார். உள்ளே எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. அங்கேயே நாட்குறிப்பை எடுத்து, 'மூடுகிறது' என்று எழுதி அடிக்கோடிட்டேன். அந்த மாதத்தில் நான் மகிழ்ச்சியாக இருந்த நேரம் அதுதான்.

வீட்டில் கோமதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "கார் சரியாயிடுச்சு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவள் கை நின்றது. "அவுத்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

வயரைப் பற்றி நான் இன்னும் வாயே திறந்திருக்கவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவள் சித்தப்பா மகன் முருகேசன் இறந்தான். வாடகைக் கார் ஓட்டுநர். ராஜபாளையத்தில் கல்யாண மண்டபத்துக்கு வெளியே கண்ணாடிகளை ஏற்றி ஏசியைப் போட்டுப் படுத்தவனைக் காலையில் கதவை உடைத்துத்தான் எடுத்தார்கள். நம் பத்திரிகைகளில் ஆண்டுக்கொருமுறை படித்துவிட்டுப் புரட்டிப்போகிற செய்தி, அந்த முறை எங்கள் வீட்டுச் செய்தியாக வந்தது. கோமதி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் தொழிற்சாலை வளாகத்தில் காருக்குள் ஏசி போட்டு இருபது நிமிடம் தூங்குவேன். அதை விடச் சொன்னாள். சரி, இனித் தூங்கவில்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு தாளில் படம் வரைந்து, ஆபத்து எஞ்சின் புகை கசிவதில்தான் இருக்கிறது, நம் வண்டியில் கசிவு கிடையாது என்று விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரிங்க" என்றாள். ஒரு மாதத்தில் நான் மறுபடி தூங்க ஆரம்பித்தேன். அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

"முருகேசன் போன வருசம் காரை சர்வீசுக்கு விட்டுட்டு வேலைக்குப் போனீங்கள்ல, அன்னிக்கு நானும் லெட்சுமி அக்காவும் பட்டறைக்கு நடந்து போனோம். எப்பவும் வெளிக்காத்து வர்ற மாதிரி பண்ணிக் குடுங்கன்னு அக்காதான் மலாய்ல சொன்னாங்க."

"இத்தன வாரமா அந்தப் புகையிலதானே இருமிக்கிட்டு வந்த? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா அவுத்துருவீங்க. மத்தியானம் அதுக்குள்ளதானே தூங்குறீங்க."

"இனிமே தூங்கமாட்டேன்."

"அன்னிக்கும் இதத்தான் சொன்னீங்க. வேணும்னா எழுதி வெச்சுக்கோங்க." கீரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த ஆண்டு நாட்குறிப்பைத் தேடி எடுத்தேன். அந்த நாளும் இருந்தது. 'கார் சர்வீஸ். எண்ணெய் மாற்றம், பிரேக் கட்டை. குறை ஒன்றும் இல்லை.' என் கையெழுத்துதான்.

மறுநாள் கிளினிக் நாள். கண்ணாடிகளை ஏற்றி, பொத்தானை அமுக்கினேன். சாலையின் இருபுறமும் எண்ணெய்ப்பனைகள் தெரியாத அளவுக்குப் புகை. உள்ளே துளி வாசனை இல்லை. பதினைந்து நிமிடம் அவள் ஒருமுறைகூட இருமவில்லை. இதைப் பார்த்தால் மனம் மாறிவிடுவாள் என்று நான் மனதுக்குள் நிமிடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பாண்டான் அருகே சிக்னலில் வண்டிகள் நின்றபோது, முந்தானையைக் கழுத்திலிருந்து தளர்த்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல. அடைக்கிற மாதிரி இருக்கு. முருகேசன் முகமே வருது." கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கினாள். உடனே இருமல் வந்தது.

"மூடும்மா. புகை வருது பாரு."

"வரட்டும்." இருமல் அடங்கியபின், வெளியே பார்த்தபடியே, "எனக்கு டிக்கெட் போட்டுருங்க" என்றாள்.

"ரெண்டு போடவா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"உங்களுக்குத்தான் இன்னும் ரெண்டு வருசம் இருக்கே." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "தூக்கம் வந்தா கேண்டீன்ல உக்காந்து தூங்குங்க. நாலு பேர் பாத்தாலும் பரவால்ல."

அவள் பக்க இடைவெளி வழியே சாம்பல் வாசனை வந்துகொண்டிருந்தது. என் முன்னாலிருந்த துளைகள் வழியே சுத்தமான குளிர் வந்துகொண்டிருந்தது. கியருக்கு மேலே எங்கோ இரண்டும் கலந்தன. எதை உள்ளே இழுத்து எதை வெளியே விட்டேன் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றும் பொத்தான் என் பக்கக் கதவிலும் இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை.