அவளுக்கு விருப்பமில்லையாம்

வேலை போனபோது ஜெரார்டுக்கு நாற்பத்தொன்பது வயது. சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில், கப்பல் சரக்குப் போக்குவரத்தைக் கணினியில் கண்காணிக்கும் ஒரு நிறுவனத்தில் பத்தொன்பது வருடம் புரோகிராமராக இருந்தவர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவரைச் சிறிய அறை ஒன்றுக்கு அழைத்தார்கள். உள்ளே இரண்டு பேர், மேசைமேல் ஓர் உறை. பேச்சு கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. இருக்கைக்குத் திரும்பியபோது அவருடைய மடிக்கணினியை எடுத்துவிட்டிருந்தார்கள். சார்ஜர் மட்டும் கிடந்தது. அதைச் சுருட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

குழுவில் இருந்த பதினெட்டுப் பேரில் மூவரைத்தான் வைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் செய்ததை இனி ஏஐ செய்யும் என்றார்கள். அந்த ஏஐ எழுதியதையெல்லாம் ஆறு மாதமாகச் சரிபார்த்து, தவறு திருத்திக் கொடுத்தவர் ஜெரார்ட்தான். இது அவருக்குத் தெரியாமல் நடந்ததல்ல. ஒவ்வொரு வாரமும் தவறு குறைந்துகொண்டே வந்ததை அவரே அறிக்கையில் எழுதியிருந்தார்.

நாலு மாதம் விண்ணப்பம் போட்டுப் பார்த்தார். பிறகு வாடகைக் கார் எடுத்து, கைப்பேசிச் செயலியில் பயணிகளை ஏற்றி இறக்கத் தொடங்கினார். ஈசூன் வீட்டில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. மனைவியின் பெயர் பெட்டி, பாலர்பள்ளி ஆசிரியை. அவள் கூடுதல் நேரம் வேலை பார்த்தாள். ஒரே மகள் ரெனீ உயர்நிலை இரண்டில் படித்துக்கொண்டிருந்தாள்.

ரெனீக்கு புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்தது ஜெரார்ட்தான். அப்போது அவளுக்கு எட்டு வயது. முதலில் பூனை எலியைத் துரத்தும் விளையாட்டு. பன்னிரண்டு வயதில், அம்மாவுக்காக அவளாகவே ஒன்று செய்தாள். பழைய கைப்பேசி ஒன்றைக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாள். கீழே பேருந்து வர எத்தனை நிமிடம் என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். நேரம் வந்ததும் திரை பச்சையாகி, ‘மம்மி, இப்ப எறங்குங்க’ என்று காட்டும். லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்திருந்தாள். ஜெரார்ட் அதை அலுவலகத்தில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார்.

செப்டம்பரில் பள்ளியிலிருந்து பாடத் தேர்வுப் படிவம் வந்தது. உயர்நிலை மூன்றிலிருந்து கம்ப்யூட்டிங்கை ஒரு பாடமாக எடுக்கலாம். ஆனால் இருபத்து நான்கு இடம்தான். தேர்வு வைத்து எடுப்பார்கள். கிடைக்காதவர்களுக்குப் புவியியல்.

ரெனீ படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். “டாடி, கம்ப்யூட்டிங் ஃபர்ஸ்ட் சாய்ஸா போடட்டா?”

“டெஸ்ட் இருக்குல்ல?”

“பாஸ் பண்ணிருவேன் லா.”

“பாஸ் பண்ணி?”

அவளுக்குக் கேள்வி புரியவில்லை. “பாஸ் பண்ணி... படிப்பேன்.”

ஜெரார்ட் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஜாக்ரஃபியும் நல்ல சப்ஜெக்ட்தான்.”

“எனக்குப் புடிக்காது டாடி.”

“புள்ள ஆசப்படுது, போட விடு ஜெரார்ட்” என்றாள் பெட்டி.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும். ரெனீ அழுதிருப்பாள், பெட்டி கத்தியிருப்பாள், கடைசியில் மகள்தான் ஜெயித்திருப்பாள். அது அவருக்குத் தெரியும். அதனால் கையெழுத்துப் போட்டுவிட்டு, இடம் கிடைக்காமல் போய்விடும் என்று நம்பினார்.

தேர்வு அக்டோபர் தொடக்கத்தில் நடந்தது. ரெனீ சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். கடைசிக் கேள்வியை எப்படிப் போட்டாள் என்று அவருக்கு விளக்கினாள். அது சரியான விடை. அவருக்கே சட்டென்று தோன்றியிருக்காத வழி. “குட்” என்று மட்டும் சொன்னார்.

அதற்கு அடுத்த புதன்கிழமை அவருக்கு ஒரு நேர்முகம் இருந்தது. ஏழு மாதத்தில் கிடைத்த முதல் நேர்முகம். பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு கட்டிடம் தள்ளி. எதிரே உட்கார்ந்தவருக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். மரியாதையான பையன். ஒரு கணக்கைக் கொடுத்து நாற்பது நிமிடத்தில் புரோகிராம் எழுதச் சொன்னான். ஜெரார்ட் முப்பத்தைந்து நிமிடத்தில் முடித்தார். அந்த இளைஞன் அதே கணக்கை அவர் கண்முன்னாலேயே ஏஐயிடம் கொடுத்தான். பதினோரு விநாடி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

“அங்கிள், உங்களோடது ரொம்ப நீட்டா இருக்கு” என்றான் ஆங்கிலத்தில். “ஆனா இதைவிட என்ன எக்ஸ்ட்ரா குடுப்பீங்க?”

ஜெரார்ட் ஏதோ பதில் சொன்னார். என்ன சொன்னார் என்பது பிறகு அவருக்கு நினைவில்லை. அங்கிள் என்று கூப்பிட்டதும், அது குத்தலாக இல்லாமல் உண்மையான மரியாதையாக இருந்ததும்தான் நினைவிருந்தது.

வெளியே வந்து காரை எடுத்தார். தேக்காவுக்கு ஒரு பயணி கிடைத்தார். அவரை இறக்கிவிட்டு, சந்தைக்குப் பின்னால் நிறுத்துமிடத்தில் காரைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மதியம் ஒரு மணி. காய்கறிப் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு இரண்டு பேர் போனார்கள். நேர்முகத்துக்குக் கட்டிய கழுத்துப்பட்டையைக்கூட அவர் இன்னும் அவிழ்க்கவில்லை. அப்போது கைப்பேசி ஒலித்தது.

ரெனீயின் பள்ளியில் கம்ப்யூட்டிங் எடுக்கும் ஆசிரியை ஷபானா பேசினார். குரலில் சந்தோஷம் தெரிந்தது. நூற்றுப்பத்துப் பேர் எழுதிய தேர்வில் ரெனீ இரண்டாவதாக வந்திருக்கிறாள், இடம் உறுதி, பெற்றோர் ஒரு வார்த்தை சரி என்று சொன்னால் பட்டியலை முடித்துவிடலாம் என்றார்.

ஜெரார்ட் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாங்க வீட்ல பேசினோம், மிஸ் ஷபானா” என்றார். “அவளுக்கு விருப்பமில்லையாம். ஜாக்ரஃபி எடுத்துக்கிறேங்கிறா.”

“அப்படியா? என்கிட்ட ரொம்ப ஆர்வமா பேசினாளே.”

“மனசு மாறிருச்சு. உங்ககிட்ட சொல்லக் கூச்சப்படுறா. நீங்க அவகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க, ப்ளீஸ். சங்கடப்படுவா.”

ஆசிரியை நன்றி சொல்லிவிட்டு வைத்தார். ஜெரார்ட் கழுத்துப்பட்டையை அவிழ்த்துப் பின்னிருக்கையில் போட்டார். மகளை ஒரு விபத்திலிருந்து இழுத்துவிட்டதைப் போலத்தான் அந்த நிமிடத்தில் அவருக்கு இருந்தது. அடுத்த பயணியை ஏற்றிக்கொண்டு சுவா சூ காங் போனார். பாதி வழியில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டார்.

இரண்டு வாரம் கழித்துப் பட்டியலை ஒட்டினார்கள். ரெனீ பெயர் அதில் இல்லை. அவளோடு தேர்வு எழுதிய இரண்டு தோழிகளின் பெயர்கள் இருந்தன. அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தேர்வில் தோற்றவள் ஏன் என்று கேட்பது வெட்கக்கேடு என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்து சீருடையை மாற்றாமலே கட்டிலில் படுத்துக்கொண்டாள்.

ஜெரார்ட் அறை வாசலில் போய் நின்றார்.

“டாடி, அந்த லாஸ்ட் கொஸ்டின் நான் சொன்னேன்ல. அது கரெக்ட்டுதானே?”

“கரெக்ட்டுதான்.”

“அப்ப மத்ததெல்லாம் தப்பா இருந்திருக்கும்.” சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். “நீங்க அப்பவே ஜாக்ரஃபின்னு சொன்னீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்கு வராதுன்னு.”

உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல தருணம் அவருக்குப் பிறகு கிடைக்கவில்லை. அவர் சொல்லவில்லை. “பரவால்ல லா ரெனீ” என்றார். பெட்டி சூடாக மைலோ பானம் கலக்கிக் கொண்டுவந்தாள். அது ஆறிப்போய் ஏடு படிந்தது.

விடுமுறை தொடங்கியது. ரெனீ கணினியைத் தொடவில்லை. கதவுப் பக்கத்தில் இருந்த கைப்பேசியில் ஒருநாள் கோளாறு வந்து, திரை நாள் முழுக்கப் பச்சையாகவே நின்றது. பெட்டி சரிசெய்யச் சொன்னாள். “அது சின்னப் புள்ளைல பண்ணது மம்மி, சரியா பண்ணத் தெரியாம பண்ணது” என்று சொல்லி ரெனீ அதைப் பிய்த்தெடுத்தாள். ஒட்டியிருந்த இடத்தில் சுவரின் சாயம் உரிந்து வந்தது.

டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம், ஜெரார்ட் மாதாகோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார். வலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த பாதிரியாரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “எங்கிட்ட சொன்னது சரி. இதை அந்தப் பொண்ணுகிட்ட சொல்லணும். பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு முன்னால சொல்லிடுங்க” என்றார்.

ஜெரார்ட் ஒப்புக்கொண்டார். கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று தள்ளினார். பிறகு புத்தாண்டு முடியட்டும் என்றார்.

பள்ளி திறந்த மூன்றாம் நாள், மாடிப்படியில் ரெனீயை ஷபானா ஆசிரியை பார்த்தார். எதுவும் கேட்க வேண்டாம் என்று ஜெரார்ட் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. “ஜாக்ரஃபி எப்படிப் போகுது? நீ கம்ப்யூட்டிங் வேண்டாம்னு சொன்னது எனக்கு உண்மையிலேயே வருத்தம்மா. செகண்ட் வந்த புள்ள நீ” என்றார்.

ரெனீ வகுப்புக்குப் போகவில்லை. கழிவறையில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உடம்பு சரியில்லை என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஜெரார்ட் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். பெட்டி வேலையில் இருந்தாள்.

“நான் செகண்டா டாடி?”

அவர் கரண்டியைத் தட்டில் வைத்தார்.

“சொல்லுங்க. செகண்டா?”

“ஆமா.”

“நீங்கதான் வேணாம்னு சொன்னீங்களா?”

“உன் நல்லதுக்குத்தான்மா. எனக்கு என்ன நடந்துச்சுன்னு பாத்தேல்ல. பத்தொம்பது வருஷம். நீயும் அதே குழியில...”

“ஏன் எங்கிட்ட சொல்லல? வேணாம்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லிருக்கலாம்ல?”

“நீ கேக்க மாட்டே.”

“கேட்டிருக்க மாட்டேன்” என்றாள். “அதுதான் உங்களுக்குப் பயமா?”

அவள் கத்தவில்லை. புத்தகப்பையைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை. “நான் ஃபெயில்னு நெனச்சேன் டாடி. தெனமும் நெனச்சேன். நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஓசையே இல்லாமல்தான் சாத்தினாள்.

மறுநாள் காலை ஜெரார்ட் பள்ளிக்குப் போனார். அலுவலகத்துக்கு வெளியே இருந்த பெஞ்சில் ஷபானாவிடம் உண்மையைச் சொன்னார். ஆசிரியைக்கு முகம் வெளுத்துவிட்டது. காலியான இடத்தை அடுத்த மாணவனுக்குக் கொடுத்தாகிவிட்டது, இருபத்து நான்கு கணினி, இருபத்து நான்கு பேர், கால அட்டவணையும் போட்டாகிவிட்டது என்றார். உள்ளே போய்த் துணைமுதல்வரிடம் கேட்டுவிட்டு வந்தும் அதே பதில்தான்.

“நான் அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்” என்றார் ஷபானா. “நீங்க அப்பாங்கிறதால நம்பிட்டேன்.”

விஷயம் தெரிந்த பிறகு பெட்டி அவரோடு ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாம் நாள் ஒன்றே ஒன்று கேட்டாள். “உன் வேல போனதுக்கு அவ என்ன ஜெரார்ட் பண்ணினா?”

பள்ளியில் கிடைக்காவிட்டால் வீட்டில் படிக்கலாம் என்று ஜெரார்ட் மகளிடம் இரண்டு மூன்று முறை சொல்லிப்பார்த்தார். நான் சொல்லித்தருகிறேன் என்றார். வேண்டாம் டாடி, நேரமில்லை என்றாள். உண்மையில் அவளுக்கு நேரம் இருந்தது. ஒருமுறை அவள் இல்லாதபோது அவளுடைய கணினியைத் திறந்து பார்த்தார். கடைசியாக எழுதிய கோப்பு அந்தப் பட்டியல் ஒட்டிய நாளுக்கு முந்திய தேதியில் நின்றிருந்தது.

இரண்டு வருடம் போனது. பள்ளி இறுதியில் எழுதிய சாதாரண நிலைத் தேர்வில் ரெனீக்கு நல்ல மதிப்பெண் வந்தது. புவியியலிலும்தான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் எந்தப் படிப்பு என்று அவளே இணையத்தில் நிரப்பிக்கொண்டிருந்தாள். மாலை நேரம். ஜெரார்ட் சற்றுத் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“கம்ப்யூட்டர் எஞ்சினியரிங் போடும்மா” என்றார். “மார்க் இருக்கு. நான் இனி ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

ரெனீ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இப்ப அங்க யாருக்கும் வேல இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அது என் கதை. நீ என்னைவிடக் கெட்டிக்காரி.”

“எனக்கு வராதுன்னு ரெண்டு மாசம் நம்பினேன் டாடி.” அவள் குரலில் கோபம் இல்லை. “அப்புறம் உண்மை தெரிஞ்சுது. ஆனா அந்த நம்பிக்கை போகல. இப்பகூட கீபோர்ட்ல கை வச்சா, தப்பாதான் வரும்னு தோணுது.”

நர்சிங்கை முதல் தேர்வாகப் போட்டு அனுப்பினாள். இடம் கிடைத்தது.

இப்போது அவள் முதலாம் ஆண்டில் இருக்கிறாள். விடியற்காலையில் வெள்ளைச் சீருடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ரயிலேறி மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகிறாள். நோயாளிகளைத் திருப்பிப் படுக்கவைப்பதிலும் காயம் துடைப்பதிலும் கை பழகிவிட்டது என்கிறாள். நன்றாகச் செய்கிறாளாம். பிடித்திருக்கிறதா என்று ஜெரார்ட் ஒருமுறை கேட்டார். “ஓகே லா” என்றாள்.

வீட்டில் சண்டை எதுவும் இல்லை. சாப்பிட்டீங்களா டாடி என்று கேட்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மூவரும் சேர்ந்து பூசைக்குப் போகிறார்கள். ஜெரார்ட் இன்னும் கார்தான் ஓட்டுகிறார்.

சென்ற மாதம் கல்லூரியிலிருந்து ஒரு படிவத்தின் நகல் வீட்டுக்கு வந்தது. அவர்தான் உறையைப் பிரித்தார். பெற்றோர் பெயர் என்ற இடத்தில் இருவர் பெயரும் இருந்தன. மாணவியைப் பற்றி யாரிடம் பேசலாம் என்ற இடத்தில் பெட்டியின் எண் மட்டும் இருந்தது. அதற்குக் கீழே இரண்டாவது எண்ணுக்கு இடம் விட்டிருந்தார்கள். ரெனீ அதில் நேராக ஒரு கோடு போட்டிருந்தாள்.