துரையைப் பார்க்கும் சட்டை

புதிதாகத் தொழில் தொடங்கும் பிள்ளைகளுக்கு, முதல் போடுகிறவர் முன்னால் எப்படி நின்று பேச வேண்டும் என்று இப்போது வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். கேட்டால் சிரிப்பு வருகிறது. அப்படி ஒரு வகுப்பு எனக்கும் நடந்தது, தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்து வாசலில். நன்றாகவே படித்தேன். அதுதான் வினையாகப் போயிற்று.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. இலங்கை மலைநாட்டில், ஹாலிஎலவுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டம். மாதம் முடிந்ததும் தோட்டத்து ஆள் பதிவான செக்ரோலில் பேர் பதிந்து என்னைக் கொழுந்து பறிக்க அனுப்புவதாக அப்பா முடிவு செய்திருந்தார். பேர் பதிந்தவள் எவளும் வேறு வேலைக்கென்று அந்த மலையை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. அம்மா, சித்தி, அண்ணனைக் கட்டி வந்த மதினி, எல்லாரும் விடியக்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று, கங்காணி கை காட்டிய மலைக்குப் போனவர்கள். அந்த வரிசையில் நான் நிற்பதில்லை என்று நானும் முடிவு செய்திருந்தேன்.

எனக்குத் தைக்கத் தெரியும். மாதா கோயில் சிஸ்டர்மார் நடத்திய தையல் வகுப்பில் படித்தது. மதினிக்குக் காஜா எடுப்பதில் நல்ல கை. பதுளையில் ஒரு பெரிய புடவைக்கடை இருந்தது. அதன் மாடியில் உட்கார்ந்து தைத்தவர், எங்கள் ஆட்கள் பலரையும் போல, இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். அவர் போன பிறகு அங்கிருந்த இரண்டு மெஷினும் சும்மா கிடக்கின்றன என்ற சேதி சந்தைக்குப் போன மதினி காதில் விழுந்தது. அன்று பூராவும் எனக்கு அதே நினைப்பு.

யோசனை என்னுடையதுதான். மெஷினும் துணியும் கடை முதலாளி தரட்டும். பள்ளிக்கூடத்துக் கவுன், பாவாடை சட்டை எல்லாம் நாங்கள் தைப்போம். சம்பள நாளில் லயம் லயமாகக் கொண்டுபோய் விற்பதும் நாங்களே. டவுன் வியாபாரிக்குத் தோட்டத்து வாசல் வரைதான் பழக்கம், எங்களுக்கோ அடுப்படி வரை. எந்த வீட்டில் எத்தனை பிள்ளை, எந்தப் பிள்ளை எவ்வளவு உயரம் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இதைச் சொன்னால் எந்த வியாபாரிதான் வேண்டாம் என்பான்? இரண்டு கவுனும் ஒரு ரவிக்கையும் மாதிரிக்குத் தைத்து வைத்தேன்.

அப்பா மட்டும், "மொதல்ல தலைவர்கிட்டக் கேளு" என்றார்.

தலைவர் என்றால் எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். அண்ணனுடைய சேக்காளி, நாற்பதைத் தொடாத ஆள். தோட்டத்து மேனேஜரான துரையிடம் ஒரு காரியம் கேட்டு வாங்க அவரை விட்டால் ஆளில்லை. லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது அவர் அழுத அழுகையில்தான். கூரைக்குப் புதுத் தகரம் வந்ததும் அப்படித்தான். துரையைப் பார்க்கப் போகும்போது போடவென்றே ஒரு சட்டை வைத்திருந்தார். அதில் நடுப் பொத்தான் இருக்காது, காலர் நைந்திருக்கும். ஒரு நாள் அந்தப் பொத்தானைத் தைத்துத் தருகிறேன் என்று நான் சொல்லப்போக, "ஏம்மா, என் பொழப்பக் கெடுக்குற" என்று சட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனவர் அவர்.

என் யோசனையை முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா இப்பிடிப் பேசுனா ஒன்னும் கெடைக்காது. எனக்குத் தெரியும், என்னால முடியும்னு நிக்கக் கூடாது. முடியும்னு தெரிஞ்சா தொர என்ன சொல்லுவாரு? அப்ப இன்னும் ரெண்டு றாத்தல் கொழுந்து கூடப் பறின்னுவாரு. வழியில்லைன்னு நின்னாத்தான் மேல இருக்கவன் மனசு எறங்கும்."

"அவரு தொர இல்லீங்களே, வியாபாரிதானே?" என்றேன்.

"நாற்காலியில ஒக்காந்திருக்க எல்லாரும் ஒரே சாதிதான்."

லயமே சிரித்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

அன்று சாயந்தரமே ஒத்திகை. கவிழ்த்துப் போட்ட அரிசிப் பெட்டியில் முதலாளியாகத் தலைவர் உட்கார்ந்தார். நான் தலை நிமிர்ந்து வந்தால், "திரும்பிப் போ, குனிஞ்சு வா" என்றார். ஒரு கவுனை எடுத்துக் காட்டினால், "மொதல்ல அழு, அப்பறம் காட்டு" என்றார். செருப்புக் கூடாது, எண்ணெய் வைத்து வாரக் கூடாது, இருப்பதிலேயே கிழிந்த சேலையைத்தான் கட்ட வேண்டும். சுற்றி நின்ற பெண்கள் ஆளுக்கொன்று சேர்த்துச் சொன்னார்கள். அம்மாவின் இருமலைச் சொல்லச் சொன்னாள் ஒருத்தி. மதினிக்குப் பிள்ளை தங்காததைச் சொல்லச் சொன்னாள் இன்னொருத்தி. அதைக் கேட்டதும் மதினி உண்மையாகவே அழுதுவிட்டாள். "இதுதான், இதுதான்!" என்று தலைவர் கை தட்டினார்.

நான் மாட்டேன் என்றேன். நான் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு, நானே பேசுகிறேன் என்றேன். அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"தலைவர் சொல்றபடி போறதுன்னா போ. இல்லாட்டி நாளைக்கே பேரப் பதி."

கிழிந்த சேலையைக் கட்டினேன். தைத்தவற்றைப் பையின் அடியில் வைத்தேன்.

நானும் மதினியும் பதுளையில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்தோம். கடை முன்வாசலில் நின்றவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள், "பக்கத்து வாசலுக்குப் போங்க" என்று கையைக் காட்டினார். பக்கத்து வாசலில் ஏற்கெனவே கொஞ்சம் பெண்கள் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். சாமான் வாங்க வந்தவர்கள் என்று நினைத்து நாங்களும் உட்கார்ந்தோம். அது முஸ்லிம்களின் நோன்பு மாதம் என்பது எங்களுக்குத் தெரியும். அந்த மாதத்தில் ஏழைகளுக்கு ஸக்காத்துக் கொடுக்கும் வாசல் அது என்பது தெரியாது.

முதலாளி வந்தார். வெள்ளைத் தொப்பி, நோன்பில் வாடிய முகம். தங்கமான மனிதர், அதை இப்போதும் சொல்வேன். நான் குனிந்து நின்று, படித்த பாடத்தை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அழுவதற்கு மதினிக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையே இருக்கவில்லை. "ஒரு வழி காட்டணும் மொதலாளி" என்று முடித்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"அழாதீங்க மகள். அல்லாஹ் வழி காட்டுவான்" என்று சொல்லிவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். ஆளுக்கொரு சேலையும் ஒரு பை அரிசியும் வந்தன.

"இது இல்லீங்க மொதலாளி, நாங்க தையல் மெஷின் கேட்டு வந்தோம்" என்று பதறிப்போய்ப் பையின் அடியிலிருந்து ரவிக்கையை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். உள்பக்கம் திருப்பித் தையலைத் தடவிப் பார்த்தார். வியாபாரியின் கை அல்லவா?

"நல்ல தையல். யார் தந்தது?"

"நான் தைச்சதுங்க."

என் தோளில் கிழிந்து தொங்கிய இடத்தைப் பார்த்துவிட்டு, இரக்கமாகச் சிரித்தார். ரவிக்கையை மடித்து என் கையிலேயே வைத்தார்.

"இத விக்காதீங்க மகள். நீங்களே உடுத்துங்க."

பின்னால் அடுத்த பெண் நெருக்கிக்கொண்டு வந்தாள். நாங்கள் வெளியே வந்தோம்.

லயத்தில் அன்று கொண்டாட்டம். "பாத்தியா, வெறுங்கையோட அனுப்பல இல்ல?" என்று தலைவர் எல்லாருக்கும் சேலையை விரித்துக் காட்டினார். மெஷினை ஒருவரும் கேட்கவில்லை. அவரைக் கடித்துக் குதற வேண்டும் போல இருந்தது எனக்கு. மாதம் முடிந்ததும் பேர் பதிந்தார்கள். நானும் வரிசையில் நின்றேன்.

நோன்புப் பெருநாள் முடிந்து சில மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாருக்கும் சொல்லாமல் பதுளைக்குப் போனேன். நான் தைத்த ரவிக்கை, செருப்பு, வாரிய தலை. முன்வாசல் வழியாகவே ஏறினேன். சொல்ல வேண்டியதைப் பஸ்ஸிலேயே மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். இந்தத் தடவை எல்லாம் என் பேச்சு.

முதலாளி என்னைக் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டார். முகம் மலர்ந்தது.

"ஆ, அந்த ரவிக்கைதானே? நல்லா இருக்கு மகள், சந்தோசம். ஆனா ஸக்காத்து நோன்பு மாசத்தில மட்டும்தான் குடுக்கிறது. அடுத்த வருசம் வாங்க. உங்களுக்கெண்டு ஒண்டு எடுத்து வைக்கிறேன்."

மாடியிலிருந்து இரண்டு மெஷினும் ஓடும் சத்தம் கேட்டது. இல்லை, நான் வேறு விஷயமாக வந்தேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரிங்க மொதலாளி" என்றுதான் வந்தது. என் தலை குனிந்திருந்தது, கை இரண்டும் கூப்பியிருந்தன.