கொடியில் கிடந்த துணி

பன்வில மலைக்குச் சுற்றுலாப் பயணிகளை அழைத்துப் போவது என் வேலை. அண்மையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியர் ஆற்றில் குளிக்க ஆசைப்பட்டார்கள். நல்ல வெயில். வீட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் தினமும் குளிக்கும் இடம்தானே என்று இறங்கவிட்டேன்.

அப்போது மேல்மலையில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் என் மனைவி போனில் கோல் எடுத்தாள்.

"ஏங்க, இங்க மழை கொட்டுது. கொடியில கெடக்குற துணிய எடுத்து உள்ள போடுங்க."

அந்த மலைத் தண்ணீர்தான் இந்த ஆற்றுக்கு வருகிறது. கத்திக் கூப்பிட்டு இருவரையும் கரையேற்றினேன். சற்று நேரத்தில் செம்மண் வெள்ளம் அவர்கள் உட்கார்ந்திருந்த பாறையை மூடியது. அவர்கள் அழுதார்கள்.

வீட்டில் துணியெல்லாம் நனைந்து கிடந்தது. மனைவி ஏசினாள். ஆற்றில் நடந்ததைச் சொல்லாமல் துணியைப் பிழிந்து போட்டேன்.

இப்போது வெயில் அடித்தாலும் அவளிடம், "அங்க மழையா?" என்று கேட்ட பிறகே யாரையும் ஆற்றில் இறக்குகிறேன். துணிக்காகக் கேட்கிறேன் என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.