நகைக்காக அவள் திரும்பவில்லை

சாம்பார் வாளி என் கையில் இருந்தது. மதுரையிலிருந்து வந்து தங்கியிருந்த ஓர் அம்மா, பக்கத்தில் இருந்த கணவரிடம் மெதுவாகச் சொன்னார்: "இவரோட சம்சாரம்தாங்க. சுனாமியில நகை எடுக்கத் திரும்பி ஓடினாங்களே, அவங்க." கணவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பாவம். பொம்பளைங்களுக்கு நகைன்னா உயிரு," என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இரக்கப்பட்டுத்தான் சொன்னார். நான் சாம்பாரை ஊற்றி முடித்தேன். பிறகு கேட்டேன், "இத எங்கேம்மா படிச்சீங்க?" அந்த அம்மா பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். கம்ப்யூட்டரில் பிரிண்ட் எடுத்தது. கப்பல் டிக்கெட்டோடு சேர்த்து மடித்து வைத்திருந்தார். அடியில் எங்கள் லாட்ஜ் பெயர் இருந்தது. மேலே இருந்தது என் கதை. ஆனால் என் கதை இல்லை.

அந்த லாட்ஜ் அந்தமானில், போர்ட் பிளேரின் குட்வில் எஸ்டேட் பகுதியில் இருந்தது. முதலாளியை எல்லாரும் பாய் என்பார்கள். ராமநாதபுரம் பக்கத்து ஊர்க்காரர். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். சுனாமிக்குப் பிறகு வீட்டுக்கு மேலே மாடி கட்டி லாட்ஜ் ஆக்கினார். நான் அங்கே சமையல். அதற்கு முன் நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டினேன். என் அப்பா இலங்கையில் தேயிலைத் தோட்டத்து ஆள். இரண்டு அரசாங்கத்துக்கும் ஒப்பந்தம் என்றார்கள், கப்பலில் ஏற்றினார்கள், கச்சாலில் கொண்டுபோய் இறக்கினார்கள். நான் ரப்பர் வெட்டினவன் என்பதால் பாய் என்னை ரப்பரு என்றுதான் கூப்பிடுவார். வாய் அதிகம். மீன்காரனிடம் பேரம் பேசி, வாங்கி, கூடையில் போட்ட பிறகு மீன் நாறுகிறது என்று காசைக் குறைப்பார். அப்படிப்பட்ட ஆள். நல்லவரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

என் சம்சாரம் போன கதை பெரிய கதை இல்லை. தரை ஆடியது. கடல் வருகிறது என்று கத்தினார்கள். எல்லாரும் மேட்டுக்கு ஓடினோம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீட்டுக் கிழவிக்குக் காது கேட்காது. அவளைக் கூப்பிட என் சம்சாரம் போனாள். இரண்டு பேரும் வரவில்லை. உடல் கிடைக்கவில்லை. பிறகு எங்களைத் தகரக் கொட்டகையில் தங்க வைத்தார்கள். நிவாரணக் கணக்கெடுக்க ஆபீசர்கள் வந்தார்கள். ஒருவர் கேட்டதையே இன்னொருவர் வந்து கேட்பார். எங்கே நின்றாய், அவள் எந்தப் பக்கம் போனாள், யார் பார்த்தது. பக்கத்துக் கொட்டகைக்காரன் ஒரு நாள் இரண்டு அலை என்றான். மறுநாள் மூன்று என்றான். அவன் பொய் சொல்கிறான் என்று ஆகிவிட்டது. அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு மூளை கலங்கியிருந்தது. அதைப் பார்த்து நான் ஒன்று பழகிக்கொண்டேன். யார் கேட்டாலும் அதே சொல். கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. புதைக்க உடல் இல்லாதவனுக்குச் சொல் மட்டும்தான் மிச்சம். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பாய் லாட்ஜுக்கு ஒரு வெப்சைட் போட்டார். அப்போது தீவில் நெட் என்பது சாட்டிலைட் வழியாக வானத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வரும். ஒரு பக்கம் திறப்பதற்குள் நான் அரிசி களைந்து உலை வைத்துவிடுவேன். கட்டில் படமும் கடல் படமும் எல்லா லாட்ஜ்காரரும் போட்டிருந்தார்கள். "ரப்பரு, உன் கச்சால் கதைய எழுதிக் குடுடா. அங்க டூரிஸ்ட் போக முடியாது. படிக்கவாவது செய்வான்," என்றார் பாய். நான் ஏழாவது வரை படித்தவன். ஆபீசர்களிடம் சொன்னதையே எழுதினேன். வெட்டு, பால், மழை, அந்தக் காலை. முதலில் எங்கள் வெப்சைட்டில் போட்டார். ஒரு தமிழ்த் தளம் அதை அப்படியே எடுத்துப் போட்டது. படித்துவிட்டுச் சிலர் அறை கேட்டு போன் செய்தார்கள். பாய் ருசி கண்டுவிட்டார்.

சென்னையிலிருந்து ஒரு தம்பியைப் பிடித்தார். வெப்சைட்டை கூகுளில் முன்னால் கொண்டுவருவது அவன் தொழில். வந்து மூன்று நாள் தங்கினான். நன்றாகச் சாப்பிட்டான். "கூகுள் ஒரு பஞ்சாயத்து மாதிரி பாய்," என்றான். "எத்தனை பேரு உங்களக் கை காட்டறாங்கன்னு பாக்கும். வேற தளத்துல உங்க லிங்க் இருந்தா, அது ஒரு கை." பாய் உடனே பிடித்துக்கொண்டார். "அப்ப இவன் எழுதினத இருபது இடத்துல குடுப்போம். கீழ நம்ம லிங்க்." தம்பி இல்லை என்று தலையை ஆட்டினான். "அதே கட்டுரை இருபது இடத்துல இருந்தா ஒண்ணத்தான் காட்டும் பாய். மத்தத காப்பின்னு தள்ளிடும். இருபது தளத்துக்கும் மாத்தி மாத்தி எழுதணும். அப்பத்தான் இருபது கையும் நிக்கும்."

அவன் சொன்னது தொழில் கணக்கில் சரி என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் எனக்கு அன்று தலை சுற்றியது. கொட்டகையில் சொல் மாறினால் பொய். இங்கே சொல் மாறாவிட்டால் திருட்டு. பாய் என்னையே மாற்றி எழுதச் சொன்னார். உட்கார்ந்தேன். கடல் என்ற இடத்தில் சமுத்திரம் என்று போட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. "வேற மாதிரி நடக்கலியே பாய்," என்றேன். தம்பி சிரித்தான். "வார்த்தையத்தான் அண்ணே மாத்துறோம். நடந்தத மாத்தல." வேலையைச் சென்னைக்கு எடுத்துப் போனான். அந்த சீசனில் எங்கள் லாட்ஜ் கூகுளில் முதல் பக்கத்துக்கு வந்தது. பாய் பஜாரில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

மதுரை அம்மாவின் காகிதத்தை நான் பாய் மேசையில் வைத்தேன். படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். சென்னைக்குப் போன் போட்டு, எனக்குக் கேட்கும்படி சத்தமாக வைத்தார்.

"தம்பி, நகை எங்கேர்ந்து வந்துச்சு?"

"எந்த நகை பாய்?"

"இவன் சம்சாரம் எடுக்க ஓடுன நகை."

"ஓ, அதுவா. இருபதும் வேற வேறயா இருக்கணும்ல பாய். அதான் ஒவ்வொண்ணுலயும் ஒரு காரணம் வச்சிருக்கோம்."

"வேற என்னா வச்சிருக்கே?"

"ஒண்ணுல கட்டிப் போட்ட ஆடு. ஒண்ணுல கொழந்தை."

"அவனுக்கு ஏதுப்பா கொழந்தை?"

"படிக்க டச்சிங்கா இருக்கும் பாய்."

பாய் என்னைப் பார்த்தார். "ஏ ரப்பரு, உனக்குப் புள்ள பொறந்திருக்காம்டா மெட்ராஸ்ல." நான் சிரிக்கவில்லை. சொன்ன பிறகு அவர் முகமும் சரியாக இல்லை. எல்லாவற்றையும் எடுக்க முடியுமா என்று கேட்டார். எடுத்தால் லிங்க் எல்லாம் போகும், முதல் பக்கம் போகும், சீசனில் செய்யாதீர்கள் என்றான் தம்பி. பாய் போனை வைத்தார். தாடியைத் தடவினார். "சீசன் போகட்டுமே ரப்பரு. அப்புறம் எடுத்துருவோம்."

நான் சமையல்கட்டுச் சாவியை அவிழ்த்து மேசையில் வைத்தேன்.

"அரே, ரூமெல்லாம் ஆளு. இப்பப் போயி சாவி வைக்கிறியா?"

"கெழவியக் கூப்பிடப் போனா பாய். நகைக்குப் போகல."

"தெரியும்டா."

"உங்களுக்குத் தெரியும். அவங்களுக்கு?"

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். போக இடமில்லை. இருந்தாலும் போவதென்று இருந்தேன். உள்ளே பாய் மறுபடி போனில் கத்துவது கேட்டது. "போதும், போதும்! எல்லாத்தையும் எடுறா. முதல் பக்கம் போனா போவட்டும். நான் என்ன முதல் பக்கத்துலயா பொறந்தேன்?" பிறகு வந்து சாவியை என் மடியில் போட்டார். "உலைய வையி. மதுரக்காரங்க ராத்திரிக்கு இட்லி கேட்டாங்க." அந்த அம்மாவுக்கு நான் இட்லி வைக்கும்போது நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் காகிதத்தைக் கிழித்தார்.

அதிலிருந்து பாய் ஒரே சட்டம் வைத்தார். கட்டுரை யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்போம். முழுசாகப் போட வேண்டும். ஒரு சொல்கூட மாறக் கூடாது. கீழே என் பெயரும் லாட்ஜ் பெயரும். சிலர் போட்டார்கள். கூகுள் எங்களைப் பின்னால் தள்ளியது. எதிர் லாட்ஜ்காரன் ஒரு கட்டுரையை ஐம்பதாக்கி இன்னொரு மாடி கட்டினான். எங்களுக்கு அறைகள் காலியாகக் கிடந்தன. "என்ன பாய், கூகுள்ல உங்களக் காணோமே?" என்று பஜாரில் சீண்டுவார்கள். "தேடத் தெரிஞ்சவன் தேடுவான். உனக்கு ரூம் வேணுமா, பேச்சு வேணுமா?" என்பார். சில வருடத்தில் லாட்ஜை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். என்னால்தான் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் திட்டியிருப்பார்.

எல்லாப் பொய்யும் அழியவில்லை. சில தளக்காரர்கள் பதிலே சொல்லவில்லை. நகைக் கட்டுரை இன்னும் ஓர் இடத்தில் கிடக்கிறது. நான் இப்போது போர்ட் பிளேருக்கு வெளியே, பெரார்கஞ்சில் ஒரு பாக்குத் தோட்டத்தில் இருக்கிறேன். கையில் போன் இருக்கிறது. அந்தக் கட்டுரைக்குக் கீழே படிப்பவர்கள் எழுதும் இடத்தில், அவள் கிழவியைக் கூப்பிடப் போனாள் என்று எழுதுவேன். யாரோ அழிக்கிறார்கள். மறுபடி எழுதுவேன். எனக்கு அவசரமில்லை.

போன மாதம் பாய் இறந்துவிட்டார். அவர் தம்பி மகன் போன் செய்தான். பாய் அவனுக்குப் பெரியத்தா, பெரியப்பா. ஊர்க்காரர்களுக்கு ஒரு வெப்சைட் வைத்திருக்கிறார்களாம். "பெரியத்தாவப் பத்திப் போடுறோம்ணே. நீங்க கொஞ்சம் சொல்லுங்க, நாங்க நல்லா எழுதிக்கிறோம்," என்றான். ஏற்கனவே எழுதியதைப் படித்துக் காட்டினான். சுனாமியன்று பாய் தனியாகப் படகில் போய் ஜனங்களைக் காப்பாற்றினாராம்.

"அவரு படகே ஏறலயே தம்பி. மொட்டை மாடியில நின்னாரு. கால் நடுங்கி, எறங்கவே இல்ல. அவரே எங்கிட்டச் சொன்னது."

"அத எப்படிண்ணே போடுறது?"

"நீ போட வேணாம். நான் எழுதித் தர்றேன்."

எழுதிவிட்டேன். இதுதான். அவர் மொட்டை மாடியில் நடுங்கினார். மீன்காரனை ஏய்த்தார். சீசன் போகட்டும் என்றும் சொன்னார். பிறகு என் சம்சாரத்தின் பெயருக்காக முதல் பக்கத்தைத் தூக்கி எறிந்தார். இதில் ஒன்றை எடுத்துவிட்டாலும் அது பாய் இல்லை. தம்பி, உன் தளத்தில் போடு. வேறு யார் கேட்டாலும் கொடு, என்னைக் கேட்க வேண்டாம். முழுசாகப் போடு. நடுவில் கை வைப்பதாக இருந்தால் போடாதே.