ரோட்டுக்கு ஒருவர், விதைக்கு ஒருவர்

எங்கள் ஊரில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தபோது ஏணிச் சின்னத்தில் நின்றவர் என் மாமனார். குடைச் சின்னத்தில் நின்றவன் என் கூடப் பிறந்த அண்ணன். நான் பிறந்த வீடும் வாக்கப்பட்ட வீடும் ஒரே ஊர், நடுவில் ஒரு புளியந்தோப்புதான். இப்படி ஒரு பொருத்தம் அமையும்படி தேர்தல் வைத்த புண்ணியவான் யாரோ, அவரை அப்போது வாயாரத் திட்டினேன்.

மாமனார்தான் ஊர்க்கவுண்டர், பரம்பரையாக எங்கள் மலையூருக்குப் பெரியவர். ஒரு காலத்தில் பஞ்சாயத்துத் தலைவர் பதவியும் போட்டியில்லாமல் அவரிடமே வந்தது. அதற்கப்புறம் பல வருஷம் தேர்தலே நடக்கவில்லை. ஆனாலும் ஊர் அவரைத் தலைவர் என்றே கூப்பிட்டது. ரோடு கேட்டு ஜமுனாமரத்தூருக்கும் செங்கத்துக்கும் நடையாய் நடந்தார். வரவில்லை. அதிகாரி முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். "பார்க்கலாம்" என்று சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார். அண்ணன் அப்படியல்ல. மேசைமேல் கையை ஊன்றிப் பேசுவான்.

ஓட்டுப் போட மறைப்புக்குள் போனேன். குடையில்தான் குத்தினேன். அண்ணன் என்பதற்காக அல்ல. முதல் பிரசவத்தில் வலி கண்டதும், மூங்கில் கழியில் போர்வையைக் கட்டி என்னை அதில் போட்டு வீட்டு ஆண்கள் மலைப்பாதையில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. அது அழவே இல்லை. ரோடு இருந்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை.

குடை ஜெயித்தது. அன்று நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஏணிதான் ஜெயிக்கும் என்று நம்பி மாமியார் பெரிய குண்டானில் சாமைச் சோறு ஆக்கி வைத்திருந்தார். குடைக்குப் போட்டவர்கள் அத்தனை பேரும் நேராக எங்கள் வாசலுக்கு வந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள்! அதில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "கவுண்டரே, தப்பா எடுத்துக்காதீங்க. ரோடு வோணும்னு அவனுக்குப் போட்டுட்டோம். இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தச் சொல்லுங்க."

அவர்கள் மனதில் கள்ளம் கிடையாது. தலைவர் பதவியை மாற்றியிருக்கிறோம், கவுண்டரை மாற்றவில்லையே என்பது அவர்கள் கணக்கு. மாமனார் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் என் கையால் சாப்பிடவில்லை. மாமியார் போட்டால் சாப்பிடுவார். நான் தட்டோடு போனால், "பசிக்கலம்மா" என்பார். என் முகத்தைப் பார்க்கவே மாட்டார். நான் குடைக்குப் போட்டதை ஊகித்துவிட்டார் என்றே நினைத்தேன். திட்டினாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை கேட்கலாம். என் புருஷன், இரண்டு பக்கமும் தலையாட்டுகிற மனிதர், "போவப் போவ சரியாய்டும்" என்றார். வந்த ஆத்திரத்தில் அவருடைய தட்டையும் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். ஆனால் ஆத்திரத்தைவிட வேதனைதான் எனக்கு அதிகம். அப்பா இல்லாத எனக்கு மாமனார்தான் அப்பாவாக இருந்தார்.

இப்படியே சில மாதம் போய், ஆனியில் மழை விழுந்தது. சாமை விதைக்க எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. ஊர்க்கவுண்டர் தன் நிலத்தில் முதலில் விதைத்துவிட்டு, கூடையில் மிச்சமிருப்பதை வீட்டுக்கு ஒரு பிடி கொடுப்பார். அதைத் தங்கள் விதையோடு கலந்துதான் மற்றவர்கள் விதைக்க வேண்டும். அதுவரை ஒருவரும் விதைக்க மாட்டார்கள்.

மாமனார் கூடையைத் தொடவில்லை. பக்கத்து ஊர்களில் விதைத்து முடித்துவிட்டார்கள். மண்ணில் ஈரம் காயத் தொடங்கியதும் ஊர் மொத்தமும் எங்கள் வாசலுக்கு வந்தது.

"புதுத் தலைவரு இருக்காரே, அவருகிட்ட போங்க" என்றார் மாமனார்.

அன்று குழம்பு கேட்டவர்தான் பதில் சொன்னார். "அவன் ரோட்டுக்குத் தலைவருங்க. வெதைக்கு நீங்கதானே? வெதைக்கு யாரு ஓட்டு வெச்சாங்க?"

கூட்டத்தின் கடைசியில் அண்ணனும் நின்றான், தோள்துண்டைக் கையில் ஏந்திக்கொண்டு. தலைவரானாலும் அவனுக்கும் ஒரு பிடி விதை வேண்டுமே. மாமனார் அசையவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. ஊர் கூடிய இடத்தில் மருமகள் வாய் திறப்பது எங்களிடம் வழக்கமில்லை. விதைக் கூடையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். "மாமா, நானும் கொடைக்குத்தான் போட்டேன். எம்புள்ள போன வழியில ஒரு ரோடு வோணும்னு போட்டேன். கோவம்னா என்னத் திட்டுங்க. ஊரு இன்னா பண்ணுச்சு?"

மாமனார் அத்தனை மாதம் கழித்து என் முகத்தைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"கோவமா? யாருக்கும்மா கோவம்?" என்றார். "அன்னிக்கு உன்னத் தூக்கினப்ப கழிக்கு முன்னால தோள் குடுத்தவன் நான். அத்தினி வருசம் தலைவருன்னு பேரு வெச்சிகினு ஒரு ரோடு கொண்டாரத் துப்பில்ல. இன்னா மூஞ்சிய வெச்சிகினு உன் கையால சோறு வாங்கித் தின்றது?"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் குனிந்து கூடையை எடுத்துக்கொண்டார். வாசலைத் தாண்டியவர் திரும்பி நின்று சொன்னார்: "வெதைச்சிட்டு வர்றேன். எனக்குச் சோறு நீயே போடு."