பத்து நாளும் இருபத்தேழு

கல்லூரி பஸ் ராஜபாளையத்தை விட்டுக் கிளம்பியதும் புராஜெக்ட் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். அன்று எனக்கும் என் தோழிக்கும் வைவா, அதாவது புராஜெக்ட் பற்றிய வாய்மொழித் தேர்வு. காற்றில் போகும் சிக்னல் கட்டடத்திலும் மலையிலும் மோதி, வலுத்தும் மங்கியும் வந்து சேரும்போது தகவலை அலையில் ஏற்றும் எந்த மாடுலேஷன் முறையில், பூஜ்யம் ஒன்று என்று போகும் பிட்டுகளில் எத்தனை தப்பாகிறது என்பதுதான் புராஜெக்ட். எல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான். மங்கலையும் இரைச்சலையும் அதுவே தற்செயல் எண்களால் உண்டாக்கும்.

லேபில் எங்களுக்குத் தினம் ஒரு மணி நேரம்தான் தருவார்கள். அதனால் பத்து லட்சம் பிட்டை, நாளுக்கு ஒரு லட்சமாகப் பத்து நாள் ஓட்டினோம். புரோகிராம் என்னுடையது. அட்டவணை டைப் செய்து கூட்டித் தருவது என் தோழியின் வேலை. கூட்டுத்தொகையை வைத்து நான் கிராஃப் போட்டேன். அட்டவணையை அன்றுதான் பார்த்தேன்.

முதல் நாள் பி.பி.எஸ்.கே. என்ற மாடுலேஷனில் இருபத்தேழு பிழை. இரண்டாம் நாளும் இருபத்தேழு. பத்து நாளும் இருபத்தேழு. தற்செயல் எண்களுக்கான தொடக்க எண்ணை நான் மாற்றவே இல்லை. அது மாறாததால் தினமும் அதே எண்கள் அதே வரிசையில் வந்திருக்கின்றன. ஒரே லட்சத்தைப் பத்து தடவை எண்ணி, பத்து லட்சம் என்று பைண்டு போட்டிருக்கிறோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தோழி சிரித்துக்கொண்டே ஏறினாள். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். அதன்பின் காலேஜ் கிடையாது என்று மாப்பிள்ளை வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். இந்த வைவா போனால் அவள் பட்டமும் போச்சு. என் முன்கோபம் காலேஜுக்கே தெரியும். அன்று அட்டவணையை அவளிடம் காட்டாமலே புத்தகத்தைப் பைக்குள் வைத்து, கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் வாசலில் இறங்கினேன்.

எத்தனை பிட் ஓட்டினீர்கள் என்று எக்ஸாமினர் அவளைத்தான் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

“ஒரு லட்சம்தான் சார். அதையே பத்து தடவை எண்ணிட்டோம். தப்பு என் புரோகிராம்ல,” என்றேன்.

அவர் அட்டவணையைப் புரட்டிப் பார்த்தார். தொடக்க எண்ணை மாற்றி, மூன்று கம்ப்யூட்டரில் ஓட்டி, மாலைக்குள் கொண்டுவரச் சொன்னார்.

லேபுக்குப் போகும் வழியில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: “தினம் அதே நம்பர் வர்றத மூணாம் நாளே பாத்துட்டேன்டி. கேட்டா நீ வள்ளுன்னு விழுவ. அதான் சொல்லல.”

மூன்று கம்ப்யூட்டரிலும் மூன்று வெவ்வேறு எண்கள் வந்தன. இரண்டு பேருமே தேறினோம். ஆனால் பட்டம் போனாலும் போகட்டும், இவளிடம் கேட்கக் கூடாது என்று அவள் நினைக்கும்படி நான் நடந்திருக்கிறேன். அது இன்னும் உறுத்துகிறது.