நான் குறித்துக் கொடுத்த கிணறு

நிலத்துக்கு மேலே நின்றுகொண்டு கீழே என்ன இருக்கிறது என்று சொல்வதுதான் புவிப்பௌதிகம். சொன்னது பிழையென்றால் தோண்டிப் பார்க்கும்வரை ஒருவருக்கும் தெரியாது என்பது அந்தத் தொழிலில் உள்ள ஒரே வசதி.

படித்து முடிப்பதற்கு முன்பே படித்தவன் என்று பெயர் வாங்கி, அந்தப் பெயரைக் காப்பாற்ற முடியாமல் முழித்தவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்குச் சொன்னால் புரியும். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக்குப் போய்ப் புவிப்பௌதிகத்தில் மேல்படிப்புப் படிக்க ஆசை. அதற்குச் சோதனைப் புள்ளிகள் மட்டும் போதாது, வெளியில் இறங்கி வேலை செய்த அனுபவமும் வேண்டும் என்றார் என் பேராசிரியர். நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தித் தண்ணீர் பார்க்கும் கருவி ஒன்றை விடுமுறைக்கு இரவலாகவும் தந்தார். அதைத் தூக்கிக்கொண்டு, தர்மபுரத்தில் காணி பெற்றுக் குடியேறியிருந்த சித்தப்பா வீட்டுக்குப் போனேன்.

கதிரை மரியாதை

நான் பெட்டியைத் திறப்பதற்குள் சித்தப்பா அக்கம்பக்கமெல்லாம் சொல்லி முடித்துவிட்டார், தண்ணி பார்க்கிற எஞ்சினியர் வந்திருக்கிறார் என்று. முதலில் வந்தவர் பக்கத்துக் காணிக் கந்தையா மாமா. சித்தப்பாவைப் போலவே யாழ்ப்பாணத்திலிருந்து நெல் விதைக்க வந்தவர். வீட்டில் இருந்த ஒரே கதிரையில் என்னை இருத்திவிட்டுத்தான் தான் நிலத்தில் இருந்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மாமா, நான் எஞ்சினியர் இல்லை, இன்னும் மாணவன், கடைசிச் சோதனைகூட எழுதவில்லை என்று உண்மையைச் சொன்னேன். சித்தப்பா என்னை முறைத்தார். கந்தையா மாமாவோ இன்னும் மகிழ்ந்துபோனார். "படிச்சு முடிக்க முந்தியே கருவியைக் குடுத்து அனுப்பியிருக்கிறாங்கள் எண்டால், தம்பி எவ்வளவு கெட்டிக்காரனாய் இருக்கவேணும்!"

உப்புத் தண்ணீர்

வேலை இதுதான். இரும்புக் கம்பிகளை வரிசையாக நிலத்தில் அடித்து, வயர் பூட்டி, பற்றரியிலிருந்து மின்சாரம் விட்டு, நிலம் அதை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் மீற்றரின் முள்ளைப் பார்க்கவேண்டும். கோடைக்கு வெடித்துக் கிடந்த கந்தையா மாமாவின் காணிக்குள் மின்சாரம் இறங்க மாட்டேன் என்றது. அப்படியான நேரத்தில் கம்பியைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். கந்தையா மாமாவின் மனைவி, மாமியிடம் கேட்டேன்.

கிணறு வெட்டத் தொடங்குகிற நாளில் செய்வதுபோல, மாமி அதற்குள் என் கம்பிகளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். குசினிக்குப் போய் உப்பைக் கரைத்துக்கொண்டு வந்தார். ஆனால் நல்ல தண்ணீர் தேடுகிற காணியில் உப்பை ஊற்ற அவருக்கு மனம் வரவில்லை. குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்றார். நான் பாடப்புத்தகம் முழுவதையும் ஒப்புவித்தேன். எனக்கு வாய் காய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் அவரே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு ஊற்றினார். "வற்றாப்பளைக் கோயிலிலை அம்மனுக்கு எண்ணெய் இல்லாமல் உப்புத் தண்ணியிலை விளக்கு எரியுது. தம்பிக்குக் கரண்ட் ஓடாதோ?"

முள் விழுந்த இடம்

அந்தக் கிணறு பயிருக்கு மட்டுமல்ல. காணியை மகள் புஸ்பத்துக்குச் சீதனமாகக் கொடுக்கப் பேசியிருந்தார்கள். சீதனக் காணியென்றால் நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கவேண்டும். மாப்பிள்ளை வீட்டார் வந்து அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்த்த பிறகுதான் கலியாணத்துக்கு நாள் வைப்பார்கள். இதைக் கேட்ட பிறகு ஒவ்வொரு கம்பியையும் இரண்டு தரம் அளந்து அடித்தேன்.

கிழக்கு மூலையில் முள் சட்டென்று கீழே விழுந்தது. தண்ணீர் உள்ள இடத்தில் மின்சாரம் இலகுவாக ஓடும், ஆகவே இங்கேதான் என்று குறித்தேன். உப்புத் தண்ணீரில் அது இன்னும் இலகுவாக ஓடும் என்பதை என் கண்ணாலேயே பார்த்திருந்தும், அது மண்டையில் ஏறவில்லை. நல்ல தண்ணியோ என்று கந்தையா மாமா கேட்டார். தண்ணீர் நிச்சயம் என்றேன். அவருக்கு அது போதுமாயிருந்தது. குசினிப் பக்கம் திரும்பி மாமியிடம் சொன்னார்: "இஞ்சாரும், நெளுக்குளத்துக்கு ஆள் அனுப்புவம். மாப்பிள்ளை பகுதி வரட்டும்."

குடித்துப் பார்க்க வந்தவர்கள்

அடுத்த விடுமுறைக்கு நான் போனபோது கிணறு வெட்டி முடிந்திருந்தது. நான் சொன்னபடியே தண்ணீர் நிறைய. ஒரு கை அள்ளிக் குடித்தேன். உவர். கந்தையா மாமா என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பேசிய நாளில் நெளுக்குளத்தார் வந்தார்கள். பொதுக் கிணற்றிலிருந்து சுமந்து வந்த நல்ல தண்ணீர் வீட்டுக் குடத்தில் இருந்தது. அதை வார்த்துக் கொடுத்திருக்கலாம். மாமா அப்படிச் செய்யவில்லை. அவர்கள் பார்க்கப் புதுக் கிணற்றில் அள்ளிக் கொடுத்தார். மாப்பிள்ளையின் தாய் ஒரு மிடறு வாயில் வைத்துக்கொண்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார். மாமி குறுக்கே வந்தார். தம்பி தண்ணி பார்க்கிற நேரம் உப்பு ஊற்றினது, அதுதான் இப்படி, மாரி மழை பெய்தால் சரியாகிவிடும் என்றார். சம்பந்தத்தையும் என் மானத்தையும் சேர்த்தே காப்பாற்றப் பார்த்தார், பாவம்.

தாய் என்னைப் பார்த்து, ஓமோ தம்பி என்று கேட்டார். நான் ஓம் என்றால் கலியாணம் நடக்கும். ஒரு குடம் உப்பால் ஒரு கிணறு உவராகாது. நிலமே உவர். தலையைக் குனிந்துகொண்டு அதைச் சொன்னேன், எந்த மழைக்கும் போகாது என்றும் சொன்னேன். அவர்கள் சண்டை பிடிக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தார்கள். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது. வெளியேறும்போது படலையடியில் அந்தத் தாய் சொன்னார்: "பொம்பிளைப்பிள்ளையிலை ஒரு குறையுமில்லை. தண்ணியிலைதான்."

கிடைத்த பாராட்டு

நடந்ததைப் பேராசிரியருக்கு எழுதிக் கொடுத்தேன். ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். அவரோ துள்ளிக் குதிக்காத குறை. முள் விழுந்தால் உவராகவும் இருக்கலாம் என்பதைத் தோண்டியே நிரூபித்திருக்கிறாய், இதுவல்லவோ வெளிக்கள அனுபவம் என்றார். அதைக் காட்டியே எனக்கு வெளிநாட்டில் இடமும் வாங்கித் தந்தார்.

பயணம் சொல்லத் தர்மபுரத்துக்குப் போனேன். போகாமல் விட முடியவில்லை, போய் நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை. கந்தையா மாமா உண்மையாகவே சந்தோசப்பட்டார். மாமி திருநீறு பூசிவிட்டார். பொதுக் கிணற்றில் தான் அள்ளி வந்த தண்ணீரில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு புஸ்பம் வந்தாள். கோபமாகச் சொல்லவில்லை, கோப்பையை என் கையில் தந்துகொண்டுதான் சொன்னாள். "இந்தப் படிப்பை முதல் படிச்சுப்போட்டு, பிறகு வந்து எங்கட காணியைப் பாத்திருக்கலாம், அண்ணை."

அதற்குப் பிறகு எத்தனையோ இடங்களில் நிலத்துக்குக் கீழே இருப்பதைச் சொல்லிச் சம்பளம் வாங்கிவிட்டேன். நல்ல தண்ணியோ என்று யாராவது கேட்டால் மட்டும், வெட்டி முடித்து ஒரு வாளி அள்ளித் தாருங்கள், குடித்துவிட்டுச் சொல்கிறேன் என்று தப்பிவிடுகிறேன்.